காய்ச்சி(க்) குடிக்கவும்

இலக்கணம் கற்பிப்பவனுக்குத் தெருவில் நடப்பதே ஒரு தண்டனை. கடைப் பலகை, சுவரொட்டி, பேருந்தின் பின்புறம், திருமண அழைப்பிதழ் என்று கண்ணில் படும் எதையும் அவனால் வெறுமனே வாசிக்க இயலாது. எங்கே ஒற்று விடுபட்டிருக்கிறது, எங்கே ரகரம் றகரமாகியிருக்கிறது என்றே கண் தேடும். கல்லூரியில் தமிழ் கற்பிக்கத் தொடங்கிய நாள் முதலாக எனக்கும் இந்நோய் உண்டு. இதனால் என் வீட்டில் ஒருமுறை நேர்ந்ததையும், அதன்பின் குடிநீரைப் பற்றி நான் கற்றுக்கொண்டதையும் எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணம்.

2018 ஆகஸ்டு மாதம். காவிரியிலும் கொள்ளிடத்திலும் பல ஆண்டுகளுக்குப் பின் பெருவெள்ளம். திருச்சியில் கொள்ளிடத்தின் குறுக்கே நின்ற பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தது அந்த வெள்ளத்தில்தான். ஆற்றுப் படுகையில் கிணறு அமைத்துக் குடிநீர் எடுக்கும் ஊர்களுள் எங்கள் சிறுநகரமும் ஒன்று. வெள்ளம் வந்த மறுநாள் குழாயில் செம்மண் கரைசல் போலத் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த நாள் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருத்தெருவாகச் சென்றது. கையளவு துண்டுத்தாள் ஒன்றையும் வீடுதோறும் கொடுத்துச் சென்றார்கள். அதில் இரண்டே வரிகள். வெள்ளத்தால் குடிநீர் கலங்கலாக வருகிறது; பொதுமக்கள் ‘காய்ச்சி குடிக்கவும்’.

நான் அதை வாசித்தேன். என் கண்ணில் பட்டது ஒன்றே ஒன்றுதான். ‘காய்ச்சி’ என்னும் வினையெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகவேண்டும். ‘காய்ச்சிக் குடிக்கவும்’ என்றிருக்கவேண்டும். துண்டுத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். அன்று இளங்கலை இரண்டாம் ஆண்டு வகுப்பில் வல்லினம் மிகும் இடங்களுக்கு அதையே எடுத்துக்காட்டாகக் காட்டினேன். ‘ஒரு க் வாங்கக்கூட நிதி இல்லை போலும்’ என்றேன். மாணவர்கள் சிரித்தார்கள். ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து வரும் மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, ‘ஐயா, காய்ச்சின்னா எவ்வளவு நேரம்ங்க ஐயா?’ என்று கேட்டான். ‘அதை வேதியியல் துறையில் போய்க் கேள்’ என்றேன். வகுப்பு இன்னும் பலமாகச் சிரித்தது.

அந்தத் துண்டுத்தாளின் உண்மையான பிழை எதுவோ, அதை அவன் சுட்டிக்காட்டினான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

*

எங்கள் வீட்டில் காலையில் நானும் மனைவியும் வேலைக்குக் கிளம்பிவிடுவோம். அடுக்களையும் தண்ணீரும் அம்மாவின் பொறுப்பு. ஆட்டோவின் அறிவிப்பை அம்மா கேட்டிருந்தார். சொன்னபடியே ஒவ்வொரு நாளும் தண்ணீரைக் காய்ச்சினார். ஐந்தாறு நாட்களில் குழாய்த் தண்ணீர் பழையபடி தெளிந்தது. காய்ச்சுவது நின்றது. நாங்களும் அதை மறந்தோம்.

செப்டம்பர் நடுவில் மகளுக்குக் காய்ச்சல். பதினோரு வயது அப்போது. சோற்றைக் கண்டாலே குமட்டல், ஓயாத வாந்தி. நான்காம் நாள் கண் மஞ்சளித்தது. மஞ்சள் காமாலை, ஹெபடைட்டிஸ் ஏ என்று இரத்தப் பரிசோதனை சொன்னது. ஏழு நாட்கள் மருத்துவமனையில் இருந்தாள். இதற்கென்று தனி மருந்து கிடையாது, உடல் தானே மீளவேண்டும், நாம் நீர்ச்சத்துக் குறையாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்றார் மருத்துவர். அந்த ஏழு இரவுகளும் அவள் கட்டிலருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்திருந்தேன். காலாண்டுத் தேர்வை அவள் எழுதவில்லை. முழுதாகத் தேறி வர ஆறு வாரங்கள் ஆயின.

‘தண்ணீரைக் காய்ச்சித்தானே கொடுக்கிறீர்கள்?’ என்று மருத்துவர் கேட்டார். ‘ஆமாம்’ என்றோம். எல்லா வீட்டிலும் எல்லோரும் சொல்லும் விடை அது.

மகள் வீடு திரும்பிய வாரத்தில் சுகாதார ஆய்வாளர் ஒருவர் வந்தார். எங்கள் தெருவில் மேலும் சிலருக்குக் காமாலை கண்டிருந்தது. இளைஞர், பொறுமைசாலி. எங்கள் குழாய்த் தண்ணீரைச் சிறு கண்ணாடிக் குழாயில் பிடித்துச் சில சொட்டுக் கரைசலை விட்டார். நீரில் குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் தோன்றவேண்டுமாம். தோன்றவில்லை. பிறகு அடுக்களை வாயிலில் நின்று, மருத்துவர் கேட்ட கேள்வியையே சற்று வேறு விதமாகக் கேட்டார்.

‘பெரியம்மா, காய்ச்சின தண்ணியை எப்படி ஆற வைப்பீங்க?’

‘நல்லாக் கொதிக்கக் கொதிக்கத்தான் தம்பி காய்ச்சினேன்’ என்றார் அம்மா. ‘புள்ள அவ்வளவு சூடாக் குடிக்காதுல்ல, அதான் கொஞ்சம் பச்சத்தண்ணி விட்டு விளாவிக் குடுப்பேன். அதுவும் தண்ணி கலங்கலா வந்த வரைக்கும்தான். தெளிஞ்ச பெறகு எதுக்கு?’

சொல்லிக்கொண்டே ஒரு குவளையில் குடத்துத் தண்ணீரை ஊற்றி விளாவிக் காட்டப் போனார். பாதியில் கை நின்றுவிட்டது. ஆய்வாளர் எதுவும் சொல்லவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

மகளுக்கு நோய் எங்கிருந்து வந்தது என்று அறுதியிட்டுச் சொல்ல எவராலும் இயலாது. பள்ளித் தண்ணீராக இருக்கலாம். தெருமுனைப் பானிபூரியாகவும் இருக்கலாம். இவ்வகைக் காமாலைக் கிருமி உடலில் நுழைந்து நோயாக வெளிப்பட இரண்டு முதல் ஏழு வாரங்கள் ஆகும்; பெரும்பாலும் நான்கு வாரங்கள். ஆகஸ்டில் குடித்ததற்குச் செப்டம்பரில் பலன். இடைவெளி நீண்டிருப்பதால்தான் பலரும் தண்ணீரையும் நோயையும் இணைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் அம்மாவுக்கு இந்த ஐயத்தின் பலனெல்லாம் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து பல மாதங்கள் தம் கையால் பேத்திக்கு ஒரு குவளைத் தண்ணீர்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் ‘அப்பாயி, தண்ணி’ என்று கேட்டால், ‘அம்மாகிட்ட வாங்கிக்கடா’ என்பார்.

*

‘காய்ச்சு’ என்னும் சொல்லை அதன்பிறகு நெடுநேரம் எண்ணிக்கொண்டிருந்தேன். ‘காய்’ என்பதன் பிறவினை. பால் காய்ச்சுகிறோம், கஞ்சி காய்ச்சுகிறோம், தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறோம், இரும்பைக் காய்ச்சி அடிக்கிறோம். எண்ணெயில் இலேசான சூடு, இரும்பில் செந்தழல். எந்த அளவு சூடு என்பதை அச்சொல் தன்னுள் வைத்திருக்கவில்லை. கேட்பவர் தம் பழக்கத்திலிருந்து நிரப்பிக்கொள்கிறார். ‘கொதி’ என்பது அப்படியன்று. குமிழி எழுவதைக் கண்ணால் காணலாம். வெப்பமானி இல்லாத வீட்டில் கொதியே வெப்பமானி.

அந்த மாணவனின் கேள்விக்கு விடை மிக எளியது. குடல்நோயும் காமாலையும் தரும் பாக்டீரியா, வைரஸ், ஒற்றைச் செல் உயிரிகள் ஆகிய மூன்றுமே நீர் தளதளவென்று கொதிக்கும் நிலையில் அழிந்துவிடும். பாதுகாப்புக் கருதிக் கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டால் போதும். ஏறத்தாழ 6,500 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடம் வேண்டும். உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுகிறது. உதகையில் அது சுமார் 93 பாகைதான். பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று எரிவாயுவைச் செலவழிக்கவேண்டியதில்லை. இந்த ஒரு நிமிடத்தைத் துண்டுத்தாளில் அச்சிட ஒரு வரி போதும்.

விளாவுதலைப் பற்றி இயற்பியல் துறை நண்பர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கொதிநீர் 100 பாகை, குடத்து நீர் 30 பாகை என்று கொள்வோம். குழந்தை குடிக்கும் வெதுவெதுப்பு 44 பாகை என்போம். ஒரு பங்கு கொதிநீருக்கு நான்கு பங்கு பச்சைத் தண்ணீர் சேர்த்தால்தான் அச்சூடு வரும். அதாவது குவளையில் ஐந்தில் நான்கு பாகம் காய்ச்சாத நீர். அம்மா ‘கொஞ்சம்’ என்று சொன்னது இதைத்தான். கொதிநீர் சற்று ஆறியபின் விளாவினால் பங்கு மாறும், ஆபத்து மாறாது.

இன்னொன்றும் உண்டு. காய்ச்சும்போது நீரிலுள்ள குளோரினும் போய்விடுகிறது. குழாய்நீரில், வீட்டு முனையில், லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கவேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். பின்னால் நுழையக்கூடிய கிருமிக்கு அதுவே காவல். காய்ச்சி ஆறிய நீருக்குக் காவல் இல்லை. கழுவாத கையோடு குவளையை அதில் முக்கி எடுத்தால், காய்ச்சிய பயன் அந்த நொடியில் போயிற்று. மூடிய பாத்திரமும், நீண்ட கைப்பிடிக் கரண்டியோ குழாயோ வேண்டும் என்பது இதனால்தான்.

*

‘தெளிஞ்ச பெறகு எதுக்கு?’ என்று அம்மா கேட்டது தமிழ் கற்றவனாகிய என்னைத் தனியே குத்தியது. நம் மரபு முழுவதும் தெளிந்த நீரைக் கொண்டாடுகிறது. தேற்றாங்கொட்டையை இழைத்த கலங்கல் நீர் தெளிவதைக் கலித்தொகை உவமையாக ஆள்கிறது. அதை ஆண்டுதோறும் சுவையோடு நடத்துகிறேன். மண் படிந்து நீர் தெளிவது உண்மை. படியும் மண்ணோடு கிருமிகளில் ஒரு பகுதி கீழிறங்குவதும் உண்மை. எஞ்சியவை கண்ணுக்குத் தெரிவதில்லை. தெளிவும் தூய்மையும் வேறு வேறு என்று வகுப்பில் நான் ஒருபோதும் சொன்னதில்லை.

துண்டுத்தாளோ ‘கலங்கலாக வருகிறது’ என்பதையே காரணமாகக் காட்டியிருந்தது. கலங்கல் தீர்ந்தால் காய்ச்சுதலும் தீர்ந்தது என்று அம்மா கொண்டது முறையான வாசிப்பு. முடிவு எப்போது என்று அத்தாளில் இல்லை. இனிக் காய்ச்ச வேண்டியதில்லை என்று சொல்ல எந்த ஆட்டோவும் வரவும் இல்லை.

இத்தகைய அறிவிப்புகளைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கியபோது கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்திலுள்ள வாக்கர்ட்டன் என்னும் சிற்றூரின் கதை கிடைத்தது. ஏறத்தாழ 5,000 பேர் வாழ்ந்த ஊர். 2000 மே மாதம் பெருமழை. மாட்டுச்சாணம் இட்ட நிலத்திலிருந்து கிருமி ஊர்க் கிணற்றுள் இறங்கியது. குளோரின் போதிய அளவு சேர்க்கப்படவில்லை. ஆய்வக முடிவு தீயதென்று வந்தபின்னும், நீர் நன்றாகவே இருக்கிறது என்று பொறுப்பாளர்கள் சுகாதாரத் துறைக்குச் சொல்லிவந்தார்கள். மே 21 அன்று சுகாதாரத் துறையே முன்வந்து காய்ச்சிக் குடிக்கும்படி அறிவித்தது. ஏழு பேர் இறந்தார்கள்; சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள். நீதிபதி ஓ’கானர் தலைமையிலான விசாரணை அந்த அறிவிப்பையும் விட்டுவைக்கவில்லை. வானொலி வழியாகச் சொன்னதை, முதல் நாளில் ஊராருள் பாதிக்கும் குறைவானவர்களே அறிந்திருந்தார்கள் என்று அது காட்டியது. அறிவிப்பு விலக்கப்பட்டது அவ்வாண்டு டிசம்பர் 5-ஆம் நாள். ஆறு மாதத்துக்கு மேல் அது நடப்பில் இருந்தது. அதற்குத் தொடக்கமும் முடிவும் தேதியிட்டு இருந்தன.

அந்நாடுகளில் இவ்வகை அறிவிப்பு பெரும்பாலும் குழாயில் அழுத்தம் விழும்போது விடப்படுகிறது. குழாய் நிறைந்து அழுத்தத்தோடு ஓடினால், விரிசல் இருந்தாலும் நீர் வெளியே கசியுமேயன்றி, வெளியிலிருப்பது உள்ளே புகாது. அழுத்தம் விழுந்தால் திசை மாறும். அருகிலோடும் சாக்கடை விரிசல் வழியே உள்ளே இழுபடும். இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்தேன். எங்கள் ஊரில் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு மணி நேரம் தண்ணீர் வருகிறது. எஞ்சிய நேரமெல்லாம் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. போதாக்குறைக்குக் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சும் வீடுகளும் உண்டு. அவர்கள் கணக்குப்படி பார்த்தால், எங்கள் ஊருக்கு ஆண்டு முழுவதும் அறிவிப்பு நடப்பில் இருக்கவேண்டும்.

*

காய்ச்சினால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது என்பதற்காக இதையும் சொல்கிறேன். காய்ச்சுதல் உயிருள்ளதைக் கொல்லும்; கரைந்திருப்பதை நீக்காது. தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. பற்களில் பழுப்புக் கறையும், எலும்பு வளைவும் அதனால் வருபவை. அங்கே நீரைக் காய்ச்சினால், ஆவியாகும் அளவுக்கு நீர் குறைந்து, புளோரைடின் அடர்த்தி சற்றுக் கூடவே செய்யும். அதற்கு மாற்று, வேறிடத்து நீரைக் கொண்டுவருவதுதான். 2013-இல் நடைமுறைக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்நோக்கம் கொண்டது. அமெரிக்காவின் பிளின்ட் நகரில் 2014-இல் கிருமிக்காகக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள்; அந்நகரின் பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்த பேரிடர் பின்னர்தான் ஊரறியத் தெரிந்தது. ஈயமும் காய்ச்சிப் போவதன்று. ஆகவே ஓர் அறிவிப்பைப் பெற்றதும் முதலில் கேட்கவேண்டியது, நீரில் இருப்பது கிருமியா, இரசாயனமா என்பது.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. ‘காய்ச்சிக் குடிக்கவும்’ என்னும் தொடரில் எழுவாய் இல்லை. யார் காய்ச்சவேண்டும்? எங்கள் வீட்டில் எழுபது வயதுப் பெண். பல வீடுகளில் வேலைக்குப் போய்வந்த பெண். சிலிண்டர் தீர்ந்த வீட்டில் சுள்ளி பொறுக்கும் பெண். குழாயைச் செப்பனிடவேண்டியவர்களின் கடமை, இரண்டு சொற்களில், அடுப்படிக்கு இடம் பெயர்ந்துவிடுகிறது. பிறகு நோய் வந்தால், ‘நீங்கள் காய்ச்சவில்லையா?’ என்று அவளைத்தான் கேட்கிறோம். என் அம்மா தம்மைக் குற்றவாளியாக்கிக்கொண்டார். குழாயில் குளோரின் இல்லாததற்கு அவர் பொறுப்பல்லர். அந்த இரண்டு வரிகளை வாசிக்கவும், தெரியாததைக் கேட்டறியவும், வீட்டில் உட்கார்ந்து விளக்கவும் வாய்ப்புப் பெற்றிருந்தவன் நான். நான் ஒற்றைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. ‘போடா, நீ என்ன பண்ணுவ’ என்றார். அவ்வளவுதான்.

இப்போது அந்த அலகை நடத்தும்போதெல்லாம் துண்டுத்தாள் கதையைச் சொல்கிறேன், மாணவனின் கேள்வியையும் சேர்த்து. அவன் படிப்பு முடித்துப் போய்விட்டான். அவனிடம் வருத்தம் தெரிவிக்க வாய்ப்புக் கிடைக்கவில்லை. பிறகு மாணவர்களிடம், எவரும் தவறாகப் பொருள்கொள்ள இயலாதபடி ஓர் அறிவிப்பை எழுதிவரச் சொல்கிறேன். நான் எழுதிப் பார்த்தது இது:

‘இன்று முதல், மறு அறிவிப்பு வரும்வரை, குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்காதீர்கள். தண்ணீர் தெளிவாக வந்தாலும் குடிக்காதீர்கள். பெரிய குமிழிகள் எழுந்து தளதளவென்று கொதித்தபின் ஒரு நிமிடம் அடுப்பில் விடுங்கள். மூடி வைத்துத் தானாக ஆறவிடுங்கள். காய்ச்சாத நீரைக் கலத்தல் கூடாது. பல் துலக்கவும், குழந்தைக்குப் பால் கரைக்கவும், பச்சையாக உண்ணும் காய்கனிகளைக் கழுவவும் இந்த நீரையே பயன்படுத்துங்கள். காய்ச்ச இயலாதவர்களுக்கு லாரித் தண்ணீர் இன்ன இடத்தில், இன்ன நேரத்தில்.’

எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கவனமாகக் கேட்டார். ‘காய்ச்சாத நீரைக் கலத்தல் கூடாது’ என்ற இடத்தில் கையமர்த்தினார்.

‘அது யாருக்குடா புரியும்? “விளாவாதீங்க, பச்சத்தண்ணி ஊத்தாதீங்க”ன்னு போடு.’

போட்டிருக்கிறேன். பேச்சு வழக்குத்தான். மாற்றுவதாக இல்லை.